"இந்த மரத்துக்குத் தமிழில் என்ன பெயர், ஐயா?"



கடந்த பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை காலை, மாணவர்கள் பன்னிரண்டு பேரை அழைத்துக்கொண்டு குளுவாங் நகரை ஒட்டியுள்ள குனோங் லம்பாக் மலையடிக் காட்டுக்குச் சென்று வந்தேன். உடன் வந்த பெரியவர்கள், பெற்றோர் மூவரும் ஒரு மாணவியின் பாட்டியும். பெரிய பயணம் ஒன்றும் அன்று. காலை ஏழரை மணிக்குப் புறப்பட்டு நண்பகலுக்குள் திரும்பிவிட்டோம். ஆனால், அங்கே ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்ட ஒரு வினா என்னை இன்னும் விடவில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் கற்பித்து வருபவன் நான். அந்த வினாவுக்கு என்னிடம் விடை இல்லை.

அதைப் பற்றியும், அதனால் எனக்குள் எழுந்த ஒரு கருத்தைப் பற்றியும் இங்கே எழுத விரும்புகிறேன். என்னோடு உடன்படாதவர்களும் பொறுமையாக இறுதிவரை படிக்க வேண்டுகிறேன்.

வழியெல்லாம் செம்பனை

குளுவாங்கைப் பற்றி வெளியூர் அன்பர்களுக்குச் சில சொற்கள். ஜொகூர் மாநிலத்தின் நடுப்பகுதியில் உள்ள ஊர் இது. 1909இல் ஜொகூர் வழியாகச் செல்லும் இருப்புப்பாதை நிறைவுற்ற பிறகு, அப்பாதையை ஒட்டி வளர்ந்த நகரங்களுள் ஒன்று. இரயில் நிலையத்துக் காப்பிக்கடை நாடறிந்தது. பழந்தின்னி வௌவாலை மலாய் மொழியில் 'கெலுவாங்' என்பர். ஊரின் பெயரே அதிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் மாலை வானத்தில் அவை கூட்டங்கூட்டமாகப் பறந்ததால் இப்பெயர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வேட்டையாலும் காடு குறைந்ததாலும் அந்தக் கூட்டங்கள் இன்று இல்லை. என் மாணவர்களில் ஒருவர்கூடக் கெலுவாங்கை நேரில் கண்டதில்லை. ஊரின் பெயரைத் தந்த உயிரையே அறியாமல் அந்த ஊரில் வளர்கிறார்கள்!

நகரத்தைத் தாண்டினால் இருபுறமும் செம்பனை. முன்பு பால்மரம் நின்ற இடங்கள் இவை. பெரும்பாலான தோட்டங்களில் நம்மவர்கள் இன்று இல்லை. லயங்கள் சில இடிந்துவிட்டன. சிலவற்றில் இந்தோனேசியத் தொழிலாளர்களும் வங்காளதேசத் தொழிலாளர்களும் தங்கியிருக்கிறார்கள். கோயில் மட்டும் பல இடங்களில் நிற்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை திருவிழாவுக்கு நகரத்திலிருந்து கார்களில் வந்து கூடுகிறோம், பொங்கல் வைக்கிறோம், போகிறோம்.

வண்டியின் சன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்த ஒரு மாணவி, "எவ்வளவு பெரிய காடு!" என்றாள். அவள் சுட்டிக்காட்டியது செம்பனைத் தோட்டத்தை. தவறு அவளுடையதா? காடு என்றால் மரம் நிறைந்த இடம் என்று நாம்தானே சொல்லிக் கொடுத்தோம்? ஒரே மரம் ஒரே இடைவெளியில் ஆயிரக்கணக்கில் நிற்பது தோட்டம். அது காடு ஆகாது. அந்த வேறுபாட்டைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதினாலும் விளங்காது. காட்டுக்குள் கால் வைத்தால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்.

மலையடியில்

குனோங் லம்பாக் பெரிய மலையன்று. உயரம் 510 மீட்டர்தான். அடிவாரத்தில் ஓடையும், குளிப்பதற்கேற்ற நீர்த்தேக்கங்களும் உண்டு. வார இறுதியில் நகர மக்கள் உடற்பயிற்சிக்காக ஏறி இறங்குவார்கள். வேர்களே படிகளாக அமைந்த பாதை. நீளவால் குரங்குகள் உணவுப் பொட்டலங்களைப் பறிக்கக் காத்திருக்கும். எண்டாவ் ரொம்பின் போன்ற பெருங்காட்டை நினைத்து வருபவர்களுக்கு இது ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். நான்கு பக்கமும் தோட்டங்களும் குடியிருப்புகளும் சூழ்ந்த சிறிய காடு. ஆனால், எங்கள் பிள்ளைகளுக்கு அரைமணி நேரத்தில் எட்டக்கூடிய காடு இதுதான்.

உள்ளே நுழைந்ததும் வெயில் நின்றுவிட்டது. பேச்சும் தானாகவே குறைந்தது. முதல் நாள் பெய்த மழையில் தரை ஊறிக் கிடந்தது. ஒரு மாணவனின் காலுறையில் அட்டை ஏறிவிட, மற்ற பதினொருவரும் தத்தம் கால்களைப் பார்த்துக் குதிக்கத் தொடங்கினர். பாட்டி சிரித்துக்கொண்டே தம் சுருக்குப்பையிலிருந்து கொஞ்சம் புகையிலையை எடுத்து ஈரப்படுத்தித் தடவினார். அட்டை சுருண்டு விழுந்தது. அன்றைய முதல் அறிவியல் பாடம் பாட்டியுடையதுதான்.

சற்றுத் தொலைவில், முள் நிறைந்த தண்டுடன் ஒரு கொடி பக்கத்து மரத்தைப் பற்றி மேலே ஏறியிருந்தது. "இது என்ன தெரியுமா?" என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. "பிரம்பு" என்றேன். வியப்பு! அவர்கள் அறிந்த பிரம்பு ஆசிரியர் மேசை மேல் கிடந்ததாகத் தாத்தாக்கள் கதையில் சொல்லும் கோல். அது பனைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கொடி என்பதையோ, முள்ளைச் சீவிய பிறகுதான் வழவழப்பாகிறது என்பதையோ அவர்கள் அறிந்ததில்லை. ஒரு சொல் அவர்கள் கண்முன்னே உயிர் பெற்றதைக் கண்டேன். எனக்கும் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை ஐந்து நிமிடங்கூட நீடிக்கவில்லை.

பலகை போன்ற வேர்களுடன் ஒரு பெருமரம் நின்றது. அண்ணாந்து பார்த்தால் கிளை தொடங்கும் இடமே தெரியவில்லை. அதன் மேல் ஒரு சிறு அறிவிப்பு: மெராந்தி. கீழே அறிவியல் பெயர். அந்த ஐந்தாம் ஆண்டு மாணவன் வேரைத் தொட்டுக்கொண்டே கேட்டான்: "இந்த மரத்துக்குத் தமிழ்ல என்ன பேரு, ஐயா?"

எனக்குத் தெரியவில்லை. "மெராந்திதான்" என்றேன். "அது மலாய்ப் பேருங்களே!" என்றான். பக்கத்து மரத்தைக் காட்டினான். அதுவும் தெரியவில்லை. அதற்கடுத்ததைக் காட்டினான். நான் நீர்ப்புட்டியைத் திறந்து தண்ணீர் குடிக்கலானேன்.

பிறகு அவன் கேட்டதுதான் என்னைத் தைத்தது. "அப்போ தமிழ்ல இந்தக் காட்டைப் பத்திக் கட்டுரை எழுத முடியாதுங்களா, ஐயா?"

பாட்டியின் பாடம்

என்னைக் காப்பாற்றியவர் பாட்டி. எழுபதைத் தாண்டியவர். தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தில் உழைத்து, ஓய்வுக்குப்பின் மகனோடு நகரத்துக்கு வந்தவர். அவர் வழியோரத்தில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். ஊதாப்பூச் செடியைக் காட்டி, "இது செண்டுடுக். பழத்தைத் தின்னா நாக்கு கறுத்துப்போகும்" என்றார். சரிவில் படர்ந்த பெரணியை ரெசாம் என்றார். தரையோரத்தில் தொட்டாற்சிணுங்கியைக் கண்டதும் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மலாய்க்காரர்கள் அதை 'செமாலு' என்கிறார்கள். 'மாலு' என்றால் வெட்கம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து பரவிய ஒரு செடிக்கு, இரண்டு மொழிகளும் தனித்தனியே ஏறத்தாழ ஒரே பெயரை வைத்திருக்கின்றன!

பாட்டியின் பெயர்கள் பாதி தமிழ், பாதி மலாய். இலக்கணம் பார்த்தால் கலப்பு. ஆனால், அவருக்குக் காடு தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. அவர் பள்ளியில் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான்.

ஓடையோரம் அமர்ந்து பொட்டலங்களைப் பிரித்தபோது, அவர் தம் வேலையைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொன்னார். 1970களில் அவர் செய்த வேலை செம்பனைக்கு மகரந்தம் சேர்ப்பது. ஆண் பூவின் தூளை டால்கம் மாவுடன் கலந்து பெண் பூவின் மேல் ஊத வேண்டும். மரம் மரமாக, நாள் முழுவதும். "அப்புறம் வண்டு வந்திச்சு, எங்க வேலை போயிருச்சு" என்று சிரித்தார்.

பிள்ளைகள் அதை விளையாட்டுப் பேச்சு என்று எண்ணினர். நான் இடையில் புகுந்து விளக்க வேண்டியதாயிற்று. அது முழு உண்மை. செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம். அதன் பூவுக்குப் பழக்கப்பட்ட பூச்சி இங்கே இல்லை. ஆகையால் தொழிலாளர்கள், குறிப்பாகப் பெண்கள், கையால் மகரந்தம் சேர்த்தார்கள். 1981இல் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சிறு மூக்கு வண்டு கொண்டுவரப்பட்டுத் தோட்டங்களில் விடப்பட்டது. தீபகற்ப மலேசியாவில் அது முதலில் விடப்பட்டது எங்கே தெரியுமா? நம் குளுவாங் வட்டாரத்துத் தோட்டத்தில்தான். சில ஆண்டுகளில் நாடெங்கும் பரவி, ஆயிரக்கணக்கான கைகள் செய்த வேலையைச் சம்பளமின்றிச் செய்யத் தொடங்கியது. அரிசி மணியைவிடச் சிறிய ஒரு காட்டுப் பூச்சி ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே மாற்றியது.

இந்தச் செய்தி எங்கள் பாடநூலில் இல்லை. அதைச் செய்தவர் எங்கள் ஓடைக்கரையில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பூசையறையில் இருந்த விடை

வீடு திரும்பியதும் நூல்களைப் புரட்டினேன். அந்த மாணவனுக்கு விடை சொல்லியாக வேண்டுமே! தேடத் தேட எனக்கே வெட்கமாயிற்று. விடை என் வீட்டுப் பூசையறையிலேயே இருந்தது.

மெராந்தி எந்தக் குடும்பத்து மரம்? 'டிப்டெரோகார்ப்' குடும்பம். கிரேக்கத்தில் அதற்கு இருசிறகுக் கனி என்று பொருள். நம் முன்னோர் குங்கிலியம் எடுத்த சால மரமும் அதே குடும்பம்தான். இங்குள்ள அம்மரங்களின் பிசினை மலாயில் 'டாமார்' என்கிறார்கள். நாம் குங்கிலியம் என்கிறோம். குங்கிலியக் கலய நாயனாரின் கதையை ஆண்டுதோறும் சமய வகுப்பில் சொல்லுகிறோமே, அந்தப் புகையின் உறவுக்கார மரத்தடியில் நின்றுகொண்டுதான் "பெயர் தெரியாது" என்று நான் விழித்திருக்கிறேன்!

அடுத்து கற்பூரம். இன்று கடையில் வாங்கும் கற்பூரம் பெரும்பாலும் தொழிற்சாலையில் செய்யப்படுவது. ஆனால், பழங்காலத்தில் உலகம் விரும்பிய உயர்ந்த கற்பூரம் இந்த மலாய் உலகின் காடுகளில் கிடைத்தது. காப்பூர் என்னும் அந்த மரம் சுமத்திராவிலும் போர்னியோவிலும் மட்டுமல்ல, நம் ஜொகூரின் கிழக்குக் காடுகளிலும் உண்டு. கற்பூரம், காப்பூர்: காதால் கேட்டாலே உறவு தெரிகிறதல்லவா? சுமத்திராவின் மேற்குக் கரையில் உள்ள பாரூஸ் துறைமுகம் கற்பூரத்துக்குப் பெயர் பெற்றது. இன்றும் மலாயில் கற்பூரத்தை 'காப்பூர் பாரூஸ்' என்றே சொல்கிறார்கள். அந்தப் பாரூஸை அடுத்த லோபு துவா என்னுமிடத்தில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் பொறித்தது. நாம் பால்மரம் வெட்ட மட்டும் இந்தப் பக்கம் வந்தவர்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். தோட்டங்கள் தோன்றுவதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே, இத்தகைய காடுகள் தரும் பொருளைத் தேடித் தமிழ் வணிகர் இக்கடற்பகுதிக்கு வந்திருக்கிறார்கள்.

அந்தக் கற்பூரத்தைக் காட்டிலிருந்து எடுத்துத் தந்தவர்கள் யார்? பூர்வகுடி மக்கள். ஜொகூரில் ஜக்குன் மக்கள் கற்பூரம் தேடிக் காட்டுக்குள் செல்லும்போது, அதற்கென்றே ஒரு தனி மொழியைப் பேசுவார்கள். வழக்கமான பெயர்களைச் சொன்னால் கற்பூரம் கிட்டாது என்பது அவர்கள் நம்பிக்கை. 1894இல் ஆங்கிலேயர் இருவர் இதை ஆராய்ந்து கட்டுரையாக வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு மரத்தின் முன் எந்தச் சொல்லைச் சொல்லுவது என்பதை அவ்வளவு கவனமாக எண்ணிய மக்கள் இங்கே வாழ்ந்திருக்கிறார்கள். நாமோ சொல்லே இல்லாமல் நிற்கிறோம்.

சாம்பிராணியும் அப்படித்தான். மலாயில் கெமெஞான் என்னும் மரத்தின் பட்டையைக் கீறி எடுக்கும் பிசின் அது. அகில்? நம் பழம்பாடல்களில் மணக்கும் அகிலும் இங்குள்ள கஹாருவும் ஒரே பேரினத்து மரங்கள் தருபவை. அந்த மரம் காயம்பட்டுப் பூஞ்சை தாக்கும்போது, தன்னைக் காத்துக்கொள்ள அது சுரக்கும் பிசினே நறுமணமாகிறது. அளவுக்கு மீறி வெட்டப்பட்டதால், மலேசியாவில் வளரும் அந்த மர வகை 1995 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது.

குங்கிலியம், கற்பூரம், சாம்பிராணி, அகில். நான்கு சொற்கள். நான்கும் தமிழ்ப் பிள்ளைக்குத் தெரிந்த சொற்கள். அவற்றைத் தரும் மரங்கள் மட்டும்தான் தெரியாது. நமக்குச் சொற்பஞ்சம் ஏதும் இல்லை. சொல்லையும் மரத்தையும் ஓரிடத்தில் நிறுத்திக் காட்டும் ஆசிரியருக்குத்தான் பஞ்சம். முதல் குற்றவாளி நானே.

பாதி மலையிலிருந்து

அன்று நாங்கள் உச்சி வரை ஏறவில்லை. பாதி மலையில் மரங்கள் விலகிய ஓரிடத்தில் நின்று கீழே பார்த்தோம். கண்ணுக்கெட்டிய மட்டும் செம்பனை வரிசைகள். நடுவே நகரத்துக் கூரைகள்.

"அதையெல்லாம் நம்ம தாத்தாக்கள்தான் நட்டாங்களா, ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

"ஆமாம்."

"அதுக்கு முன்னாடி அங்க என்ன இருந்திச்சு?"

நாங்கள் நின்றுகொண்டிருந்த காட்டைக் காட்டினேன். கீழே உள்ளதெல்லாம் ஒரு காலத்தில் இதுபோல இருந்தது என்றேன். அதை வெட்டிச் சாய்த்ததில் நம் கைகளும் உண்டு என்றேன். யாரோ ஒரு துரையின் ஆணைக்கு, நாட்கூலிக்கு, மலேரியாக் காய்ச்சலில் நடுங்கியபடி நம் பாட்டன்மார் அந்த வேலையைச் செய்தார்கள். அதில் மாண்டவர்களின் கணக்கை யாரும் முழுமையாக எழுதி வைக்கவில்லை. இதைச் சொல்லும்போது பெருமைப்படுவதா, வருந்துவதா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும் ஒருசேர இருந்தன.

ஆனால், ஒன்று மட்டும் உறுதியாகத் தோன்றியது. கப்பலிலிருந்து இறங்கி இந்த மண்ணுக்கு வந்த முதல் நாளில் நம் முன்னோர் கண்ட காட்சி எது? செம்பனையும் அன்று, நெடுஞ்சாலையும் அன்று. இதுபோன்ற காடுதான். லயமும் போய்விட்டது, பால்மரமும் போய்விட்டது. அவர்கள் கண்டவற்றுள் இன்னும் மிஞ்சி நிற்பது இந்த மாதிரிச் சிறு காடுகளே. ஆகவே இது வனத்துறையின் நிலம் மட்டுமன்று. நம் வரலாற்றின் ஏடும்கூட.

தொண்ணூற்றொன்பது மலர்கள்

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்களைச் சொல்லியிருக்கிறார் என்று பெருமையோடு மேடையில் பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். கைத்தட்டலும் கிடைத்திருக்கிறது. ஆனால், சற்று எண்ணிப் பாருங்கள். கபிலர் அவற்றை அகராதியிலிருந்தா எடுத்தார்? தம் கண்முன் இருந்த மலையிலிருந்து எடுத்தார். நம் பிள்ளைகள் அந்த 99இல் சிலவற்றை மனப்பாடம் செய்து போட்டிகளில் பரிசு வாங்குகிறார்கள். தங்கள் ஊர் மலையிலிருக்கும் ஒன்பது மலர்களைச் சொல்லத் தெரியாது. இது கபிலரைப் போற்றுவது ஆகுமா?

ஐந்திணை கற்பிக்கிறோம். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. காடும் காடு சார்ந்த இடமும் முல்லை. படத்தில் காட்டுவது எந்த மலை? இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு மலை! பள்ளி வாசலில் நின்று பார்த்தால் தெரியும் மலையை ஒருமுறையாவது சுட்டிக்காட்டி, "இதுவும் குறிஞ்சிதான்" என்று சொன்னோமா?

தமிழகத்து நிலத்தை மட்டுமே தமிழால் பேச முடியும் என்று பிள்ளைகள் எண்ணத் தொடங்கினால், இந்த நாட்டில் தமிழ் ஒரு பாடமாக மட்டும் எஞ்சும். வீட்டுக்கும் கோயிலுக்கும் தேர்வுக்கும் உரிய மொழி என்று சுருங்கும். கண்முன் உள்ள உலகைப் பேச வேறு மொழி தேடிக்கொள்வார்கள். விடுதலைக் காலத்தில் 800க்கும் மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 500ஐச் சற்றே தாண்டுகின்றன. ஜொகூரில் ஏறத்தாழ 70. மாணவர் எண்ணிக்கை குறைகிறதே என்று கவலைப்படுகிறோம், கவலைப்பட வேண்டியதுதான். ஆனால், இருக்கின்ற மாணவர்களின் தமிழுக்குள் எத்தனை மரம் இருக்கிறது, எத்தனை பறவை இருக்கிறது என்றும் கவலைப்பட வேண்டாமா?

சொல்லப்படும் தடைகள்

இதைச் சக ஆசிரியர்களிடம் சொன்னபோது மூன்று மறுப்புகள் வந்தன. மூன்றிலும் நியாயம் உண்டு.

முதலாவது, பாதுகாப்பு. பாம்பு, அட்டை, வழுக்கும் பாறை. ஏதேனும் நடந்தால் ஆசிரியர் தலை உருளும். உண்மைதான். அதனால்தான் பெற்றோரின் எழுத்து ஒப்புதல், போதுமான பெரியவர்கள், மழை வந்தால் ஓடைப்பக்கம் போகாமை என்னும் விதிகளோடு சென்றோம். பேரங்காடிக்கு அழைத்துச் செல்லும் சுற்றுலாவிலும் இடர் உண்டு. அதைக் காரணம் காட்டிச் செல்லாமல் இருக்கிறோமா?

இரண்டாவது, நேரம். தேர்வு இருக்கிறதே என்பார்கள். அந்தக் காலத்தில் நானும் அப்படித்தான் சொன்னேன். ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது நடைமுறையில் இருப்பது வகுப்புசார் மதிப்பீடு. காட்டில் கண்டதைப் பேசுவது, எழுதுவது, படம் வரைந்து விளக்குவது ஆகியவை எல்லாம் மதிப்பிடத்தக்க திறன்களே. இனியும் தேர்வின் மேல் பழி போட முடியாது.

மூன்றாவது மறுப்பு தமிழன்பர் ஒருவருடையது. "செண்டுடுக், ரெசாம் என்று பிறமொழிச் சொற்களைப் பிள்ளைகள் வாயில் போடலாமா? நல்ல தமிழ்ப்பெயர் ஆக்கிய பிறகு அல்லவா கற்பிக்க வேண்டும்?" என்றார். தனித்தமிழில் எனக்கும் பற்று உண்டு. ஆனால், டுரியானுக்கு 'முள்நாறி' என்று ஒரு பெயர் ஆக்கினார்கள். கடையில் போய் யாராவது அப்படிக் கேட்கிறோமா? உண்பவர் வாயில் நில்லாத பெயர் ஏட்டில் மட்டும் நிற்கும். சொற்கள் இருபக்கமும் பயணம் செய்தவை. நம் மாம்பழம் மலாயில் 'மெம்பெலாம்' ஆயிற்று. நம் கீரிப்பிள்ளை 'செர்ப்பெலாய்' ஆயிற்று. அவர்கள் நம் சொல்லை ஏற்றதால் மலாய்மொழி அழிந்துவிடவில்லை. தமிழ்ப்பெயர் இருந்தால் அதையே முதலில் சொல்வோம். இல்லாவிட்டால் பாட்டி சொன்ன பெயரைச் சொல்வோம். பெயரே சொல்லாமல் இருப்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

என் பரிந்துரைகள்

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போக விருப்பமில்லை. எளியவையாகச் சில:

1. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் ஆண்டுக்கு ஒருமுறையாவது, அரைநாள், அருகிலுள்ள காட்டுக்கோ ஆற்றங்கரைக்கோ சதுப்புநிலத்துக்கோ மாணவர்களை அழைத்துச் செல்லட்டும். தொலைவான புகழ்பெற்ற இடம் வேண்டாம். பிள்ளை நாளை மீண்டும் போகக்கூடிய இடமாக இருக்கட்டும்.

2. ஒவ்வொரு பயணத்திலும் ஒரு தாத்தாவையோ பாட்டியையோ உடன் அழையுங்கள். தோட்டத்தில் வாழ்ந்த தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது. அவர்கள் போனால் அவர்களோடு ஒரு சொல்லகராதியும் போய்விடும்.

3. பள்ளியில் ஒரு 'பெயர்க் குறிப்பேடு' வையுங்கள். நான்கு பத்திகள் போதும்: தமிழ்ப்பெயர், தோட்டத்து வழக்கு, மலாய்ப்பெயர், அறிவியல் பெயர். தெரியாத கட்டத்தை வெறுமையாக விடுங்கள். அந்த வெற்றிடமே அடுத்த ஆண்டு மாணவனுக்கு வீட்டுப்பாடம்.

4. ஊரிலுள்ள மலாய், சீன, பூர்வகுடி நண்பர்களிடமும் கேளுங்கள். காட்டைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது ஏராளம்.

5. கொண்டு சென்ற நெகிழிப்பையைக் கொண்டே திரும்புங்கள். எங்கள் பிள்ளைகள் அன்று ஓடையோரத்தில் பொறுக்கிய குப்பை இரண்டு பை நிறைந்தது. குரங்குகளுக்கு உணவு கொடுக்கவும் வேண்டாம்.

நிறைவாக

பள்ளி திறந்த முதல் நாள் அந்த ஐந்தாம் ஆண்டு மாணவனை அழைத்தேன். "அன்று உன் வினாவுக்கு எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் கூச்சப்பட்டேன்" என்றேன். ஆசிரியர் அப்படிச் சொல்வார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை போலும், தலையைக் குனிந்துகொண்டான். பிறகு குங்கிலியத்தைப் பற்றிச் சொன்னேன். ஒரு துண்டுக் குங்கிலியத்தைக் கையில் கொடுத்தேன். முகர்ந்து பார்த்து, "கோயில் வாசம்!" என்றான்.

இப்போது எங்கள் குறிப்பேட்டில் முப்பத்தொரு பெயர்கள் இருக்கின்றன. அவற்றுள் பதினான்கில் தமிழ்ப் பத்தி வெறுமையாக உள்ளது. மெராந்திக்கு நேரே அந்த மாணவன் தன் கையெழுத்தில் எழுதியிருப்பது: "குங்கிலியத்தின் சொந்தக்காரர்." தாவரவியல் அறிஞர்கள் இதை ஏற்பார்களா என்பது வேறு. நான் அதைத் திருத்தவில்லை.

உங்கள் பகுதியில் வழங்கும் மரஞ்செடிகளின் தோட்டத்து வழக்குப் பெயர்களை அறிந்தவர்கள் அருள்கூர்ந்து எழுதித் தெரிவியுங்கள். அந்தப் பதினான்கு வெற்றிடங்களில் ஒன்றேனும் உங்களால் நிரம்பலாம். விடுமுறை வரும்போது உங்கள் பிள்ளையையும் ஒருநாள் அழைத்துச் செல்லுங்கள். பிள்ளை வினா கேட்டால், என்னைப் போல் தண்ணீர் குடிக்காதீர்கள்.

 

அன்புடன்,
குளுவாங் வட்டாரத் தமிழாசிரியன்